வைக்கோல் பெட்டியும் இரண்டாம் தாளும்

போன மாதம் என் மகள் ஒரு மின்சாரப் பாத்திரம் வாங்கி வந்தாள். கனமான பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி. காலையில் பருப்பையும் தண்ணீரையும் போட்டுச் சுவிட்சைத் தட்டிவிட்டால் மதியத்துக்குள் தானே வெந்திருக்குமாம். "மெதுவா வேகும்மா. அடி பிடிக்காது, பொங்காது, பக்கத்துல நிக்கவே வேணாம். நடுவுல தொறந்து மட்டும் பாத்துராத" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கோபம். அடி போடி, நீ பிறப்பதற்கு முன்னாலேயே களமருதூரில் கரண்டே இல்லாமல் இப்படிச் சமைத்துச் சாப்பிட்டோம் என்றேன். அவள் நம்பவில்லை. கதை விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அதற்காகவே எழுதுகிறேன்.

சமைத்தவள் நானில்லை, என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் பெண்டாட்டி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைப் பக்கம் பிறந்தவள். அவள் அப்பா ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அம்மா கரும்பு வெட்டப் போய்விடுவாள். சங்கு ஊதும்போது சோறு சூடாக இருக்க வேண்டும், ஆனால் அடுப்படியில் நிற்க ஆளில்லை. அதற்காக அவர்கள் வீட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தவள் அக்கா. கொண்டு வந்தது எனக்காக.

எனக்கு அப்போது கணக்குப் பரீட்சை ஒன்று பாக்கி இருந்தது. பத்தாம் வகுப்பில் எல்லாம் தேறிக் கணக்கில் மட்டும் கவிழ்ந்தவள் நான். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் கழித்து, ஊருக்குப் பால்வாடி வரப்போகிறது, பத்தாவது தேறிய உள்ளூர்ப் பெண்ணைத்தான் டீச்சராகப் போடுவார்கள் என்று பேச்சு வந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. தனித்தேர்வு எழுதுகிறேன் என்று மாமியாரிடம் கேட்டேன். அத்தை உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. முறத்தில் அரிசியைப் புடைத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"படி. வேணாங்கல. ஆனா ஒருவேள சோறு தவறிச்சி, ஒரு ஆளு இந்த வூட்ல பசிச்சி நின்னான்னு வெச்சிக்க, அன்னியோட உன் பொஸ்தகம் அடுப்புல வேவும்."

சொன்னால் செய்கிற மனுஷி அவர். வீட்டில் ஏழு பேர். நடவு, களையெடுப்பு என்றால் ஆட்கள் வேறு. விடியற்காலையில் அடுப்பு மூட்டினால் உச்சி வரைக்கும் அடுப்பங்கரையை விட்டு நகர முடியாது. விறகைத் தள்ளு, ஊதாங்குழலை ஊது, பொங்கினால் இறக்கு, அடங்கினால் ஏற்று. இதில் இயற்கணிதம் எங்கே நுழையும்? ஒரு வாரத்திலேயே நான் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டேன். புகையால் என்று அத்தையிடம் சொன்னேன். அக்காவுக்குக் காரணம் தெரியும்.

"இன்னாடி, ஒப்பாரி வெக்கிற? பருப்பு வேவறத பாத்துக்கினு நீ ஏன் குந்திக்கினு கீற? பருப்பு தானா வேவட்டும். நீ போய் கணக்கு போடு" என்றாள்.

மறு வாரம் என் கணவரைத் திருக்கோவிலூருக்கு அனுப்பி, ஒரு டீக்கடையிலிருந்து டீத்தூள் வருகிற பலகைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வரச் செய்தாள். உள்ளே பளபளவென்று ஈயத்தாள் ஒட்டிய பெட்டி. அதன் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த வைக்கோலைப் போட்டு, எங்கள் பெரிய குண்டானை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் வைக்கோலைத் திணித்துக் கையால் குத்திக் குத்தி இறுக்கினாள். குண்டானை வெளியே எடுத்தால் அச்சு அசலாக அதன் அளவுக்கு ஒரு குழி. மேலே மூட ஒரு கோணியில் வைக்கோலை அடைத்துத் தைத்த மெத்தை. அவ்வளவுதான் சாமான்.

அதன் சூட்சுமத்தை அவள் சொன்ன விதத்தில் சொல்கிறேன், என் மகளின் பாத்திரத்தோடு வந்த புத்தகத்தில் கூட இவ்வளவு தெளிவாக இல்லை. பெட்டி சூடு பண்ணாது, இருக்கிற சூட்டை விடாது. ஆகவே பருப்பை முதல் நாளே ஊறப் போட வேண்டும். அடுப்பில் ஏற்றி, ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்தால் போதாது, நடுவயிறு வரைக்கும் புரண்டு புரண்டு கால்மணி நேரம் கொதிக்க வேண்டும். குண்டான் கழுத்து வரை நிறைந்திருக்க வேண்டும். பாதிப் பாத்திரம் சீக்கிரம் ஆறிப்போகும். ஆவி வெளியே போகாது என்பதால் தண்ணீர் கம்மியாக வைக்கலாம். கொதிக்கிற சூட்டோடு மூடி, பெட்டிக்குள் இறக்கி, மெத்தையைப் போட்டு அமுக்கிவிட்டால் உச்சிப்பொழுது வரைக்கும் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. புளியும் உப்பும் வெந்த பிறகுதான். புளி முன்னால் விழுந்தால் பருப்பு ஜென்மத்துக்கும் வேகாது. சாயங்காலம் வரைக்கும் மிஞ்சினால் மறுபடி ஒரு கொதி விட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும்.

முதல் நாள் சோதனைக்கு அவள் எடுத்தது மலைத்துவரை. என் மச்சாண்டார், அதாவது அக்காவின் புருஷன், கள்ளக்குறிச்சிச் சந்தையில் கல்வராயன் மலை ஆட்களிடம் வாங்கி வருவது. ருசியில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் வேகவைப்பதற்குள் ஒரு கட்டு விறகு காலியாகும். அதைத்தான் பெட்டிக்குள் வைத்தாள். அத்தை இரண்டு தடவை வந்து மெத்தையைத் தூக்கப் பார்த்தார். அக்கா பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க வேண்டாமா!

உச்சிக்குத் திறந்தாள். அட, அந்த மணம்! பருப்பு வெண்ணெயாக வெந்திருந்தது. ஒரு பருப்பு கூட அடியில் ஒட்டவில்லை. தீயில் கிண்டிக் கிண்டி வேகவைத்தால் கரைந்து கூழாகும். இது உருண்டை உருண்டையாக நின்றது, விரலால் தொட்டால்தான் மசிந்தது. மாமனார் இரண்டாம் முறை சோறு வாங்கினார். நான் அக்காவைப் பார்த்தேன். எனக்கு அவள் மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

ஆனால் இரண்டே நாளில் ஒரு கூத்து நடந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக் கூரையில் பகலில் புகை வரவில்லை என்றால் அங்கே சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இழவு வீட்டில்தானே அடுப்பு எரியாது. எங்கள் வீட்டில் அரைமணி நேரத்தில் அடுப்பு அணைந்துவிடுகிறது. மாமனாருக்கோ அந்த வாரம் இருமல், வெளியே வரவில்லை. இரண்டு நாள் புகையைக் காணோம் என்றதும் பின் தெருப் பங்காளி வீட்டு அம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். "ஐயோ மாமா, ஒரு வார்த்த சொல்லாம பூட்டீங்களே!" என்று வாசலில் விழுந்து அழுகிறார். உள்ளே இருந்து மாமனார் வெற்றிலை மென்றபடி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் போவலம்மா. சோறு பெட்டில வெந்துக்கினு கீது. துன்னுட்டுப் போறேன்."

ஊரே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. சாவு வந்ததாகப் பேசப்பட்ட வீடு அவருடையது, போனதாகப் பேசப்பட்ட தாலியும் அவருடையது. அன்றிலிருந்து பெட்டியில் எது வெந்தாலும் சரி, அடுப்பில் பொழுதுக்கும் புகை இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அக்கா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் ஒரு ஈர வறட்டியை அடுப்பில் வைத்து மூட்டம் போட்டுவிடுவாள். கூரைக்கு மேலே புகை, கூரைக்குக் கீழே ஆளில்லை. நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் கைடைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நான்கு மாதம் அப்படிப் படித்தேன். என் பங்கு வேலையிலும் பாதியை அவள் செய்தாள். ஒரு நாள் கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அவை இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். எப்போது மறியல் வரும், எப்போது பஸ் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. என் பரீட்சை சமயத்தில் அது வந்தே விட்டது. சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கடைகள் பாதிப் பலகைதான் திறந்தன. பரீட்சை தள்ளிப்போகும் என்றார்கள், போகவில்லை. கணக்கு இரண்டு தாள், அடுத்தடுத்த நாள், திருக்கோவிலூரில். எங்கள் வயலில் நடவும் அதே இரண்டு நாள். நாற்று முற்றிவிட்டது, தள்ள முடியாது. நட வருகிறவர்கள் பன்னிரண்டு பேருக்கு மதியம் சோறு போட வேண்டும். அத்தை என்னைப் பார்த்தார்.  சொல்ல வேண்டியதைத்தான் முன்பே சொல்லியிருந்தாரே.

முதல் நாள் விடியலில் அக்கா நாற்றுப் பறிக்கக் கிளம்பும்போது அடுப்பில் பருப்பு ஏறியிருந்தது. பக்கத்தில் ஒரு சட்டியில் புளி கரைத்து வைத்திருந்தாள். "நல்லா கொதி வந்ததும் பெட்டில எறக்கி மூடிட்டு நீ கௌம்பு. புளிய நான் மத்தியானம் வந்து ஊத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் தலையாட்டினேன். வாய் கோளத்தின் கன அளவை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பருப்பு கொதித்தது. கை அதுபாட்டுக்கு, தினமும் கொதிக்கிற குழம்பில் ஊற்றுவதுபோல, சட்டியை எடுத்துப் புளியை ஊற்றிவிட்டது. மூடினேன், பெட்டிக்குள் இறக்கினேன், மெத்தையை அமுக்கினேன். என் கணவர் வாசலில் சைக்கிள் மணியை அடித்தார்.

பாதி வழியில், ஒரு வெட்டிப் போட்ட மரத்துக்கு முன்னால் இறங்கி நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, புளி! உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பையன்கள் நான் அவர்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"இன்னா விசயமா போறீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"பரீட்சைங்க, என் சம்சாரத்துக்கு" என்றார் என் கணவர்.

"படிப்புக்கோசரம்தானே நாங்களே ரோட்ல குந்திக்கினு கீறோம். போங்க, போங்க" என்று சொல்லி இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். போனால் பரீட்சை போயிற்று. போகாவிட்டால் பன்னிரண்டு பேர் பசியோடு நிற்பார்கள், அன்றோடு புத்தகம் அடுப்பில். எழுதும்போது ஒவ்வொரு கணக்குக்கு நடுவிலும் அந்தப் பெட்டி வந்து நின்றது. எப்படியோ எழுதினேன்.

வெயில் சாய வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே அத்தையின் குரல் கேட்டது. ஆனால் அவர் திட்டியது என்னை இல்லை, அக்காவை. மத்தியானம் பெட்டியைத் திறந்தால் பருப்பு கூழாங்கல். நடவுப் பெண்கள் கடித்துப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் எல்லாரும் காலைக் கூழையும் வெங்காயத்தையும் வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். யார் செய்தது என்று அத்தை கேட்டதும் அக்கா, "என் கை தப்பு, மறந்தாப்புல புளிய ஊத்திட்டேன்" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். பன்னிரண்டு பேருக்கு முன்னால், பெரிய மருமகள் என்றும் பார்க்காமல், அத்தை அவளைக் கிழித்துவிட்டார். பெட்டியைக் கவிழ்த்து வைக்கோலையெல்லாம் மாட்டுக்குப் போட்டுவிட்டார். நான் வந்தபோதும் ஓயவில்லை. "ஆலைக்காரன் பொண்ணுக்கு அடுப்பங்கர தெரியுமா? பொட்டி கண்டுபுடிச்சாளாம் பொட்டி!"

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக் கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"வாய மூடு. நாளைக்கி ரெண்டாந்தாளு கீது. இப்ப நீ சொன்னா வாசப்படி தாண்ட மாட்ட."

"உன்ன எப்படில்லாம் வையறாங்கக்கா."

"வையட்டும். வஞ்சா தோலு உரிஞ்சா பூடும்?" என்றாள். ஆனால் அவள் கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. அவ்வளவு சுலபமாகக் கண்ணீர் விடுகிறவள் இல்லை அவள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நாள் என்றால் அதுதான். அவள் மேல் விழுந்த பழியை வைத்துக்கொண்டு நான் மறுநாள் பேனாவில் மை ஊற்றினேன். கிளம்பும்போது, பெட்டி இல்லாததால் தானே அடுப்பை மூட்டியிருந்த அத்தை வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏண்டா நிக்கிற, சீக்கிரம் இட்டுக்கினு போடா" என்று மகனைத்தான் அதட்டினார். என்னைக் கண்ணெதிரில் வைத்துக்கொள்ளப் பிடிக்காமல் விரட்டுகிறார் என்று நினைத்தேன்.

அன்று பெட்டி யோசனை இல்லை. வேறு ஒரே யோசனைதான். எழுதி முடித்து வந்ததும் சொல்லிவிட வேண்டும், எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அந்த வேகத்திலேயே எழுதினேன்.

திரும்பியபோது நடவு முடிந்து பெண்கள் வாசலில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அத்தை அவர்களுக்கு வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா குடத்தோடு நின்றாள். நான் சைக்கிளை விட்டு இறங்கி நேராக அத்தை முன்னால் போய் நின்றேன். அக்கா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் கேட்கவில்லை.

"அத்தே, நேத்து புளி ஊத்தனது நானு. அக்கா இல்ல. அது வாங்கன ஏச்செல்லாம் எனக்கு வர வேண்டியது. என் பொஸ்தகத்த அடுப்புல போட்ருங்க, வேணான்னு சொல்லல."

அத்தை வெற்றிலைக் கட்டைக் கீழே வைக்கவில்லை. அடுத்த பெண்ணுக்கு நான்கு வெற்றிலை எண்ணிக் கொடுத்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"எட்டு வருசமா அவ கையால துன்றேன். வேவாத பருப்புல புளி ஊத்தறவளா அவ? திறந்து பாத்தப்பவே தெரியும் யாரு வேலன்னு."

எனக்கு வந்த கோபம் இன்றைக்கு நினைத்தாலும் வரும். மாமியார் என்பதையெல்லாம் மறந்துபோனேன். "தெரிஞ்சிக்கினா அக்காவ வஞ்சீங்க? அத்தினி பேருக்கு முன்னாடி?"

"கத்தாத" என்றார் அத்தை. குரல் ஏறவே இல்லை. "ஆளுங்க பசிச்சி நின்னா பொஸ்தகத்த அடுப்புல போட்ருவேன்னு நான் சொன்னது ஊருக்கே தெரியும். உன் பேர எடுத்தேன்னா போட்டே ஆவணும். அப்பறம் இன்னிக்கி எத வெச்சி எழுதுவ? யாரையாவது வஞ்சாவணும். அவ தாங்குவா. நீ தாங்க மாட்ட."

 அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

நான் கணக்கில் தேறியதும், ஊர்ப் பால்வாடியில் டீச்சராகி அங்கேயே தலை நரைத்ததும், பெட்டியில் மறுபடி வைக்கோல் நிறைந்ததும், தெருவில் பாதி வீட்டுக்கு அக்கா பெட்டி கட்டிக் கொடுத்ததும் பின்னால் நடந்தவை. எனக்கு நெஞ்சில் நிற்பது அன்றைய சாயங்காலம்தான். அந்த வீட்டில் மற்ற எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மருமகள்கள் பாத்திரத்தை வழித்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவதுதான் வழக்கம். அன்று மாமனாரும் பிள்ளைகளும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, அத்தை சோற்றுக் குண்டானைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அவர்களைத் தாண்டிப் போனார். அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்த அக்காவைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் அவர் வாயில் வரவில்லை. முதல் தட்டுச் சோற்றை அவளுக்குப் போட்டு, குழம்பை ஊற்றி, "துன்னு" என்றார். அக்கா ஒரு வாய்கூட எடுக்க முடியாமல் தட்டைப் பார்த்து அழுதாள். ஆண்கள் எல்லாரும், மாமனார் உட்பட, அவள் அழுது முடித்துச் சாப்பிட ஆரம்பிக்கிற வரைக்கும் காலித் தட்டோடு காத்திருந்தார்கள்.